பச்சை வராத பதினொரு படிகங்கள்

செவ்வாய், காலை பதினொரு மணி. படிகம் நாலு மில்லிமீட்டர்.

பத்து வயதுக்குள் என் பேனா மூடிகள் பதினேழைக் கடித்துத் தின்று ஏப்பம் விட்ட என் அக்கா மகள் சுண்டெலிக்கு, ஈராயிரம் டிகிரிச் சூட்டுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தும் உருகாத ஒரே உலோகமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே உலை நலம். உலைக்குள் இருப்பதும் நலம். உலைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனைப் பற்றிப் போகப் போகத் தெரியும். உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை. உன் கடிதத்தில் அது நாலு பக்கத்துக்கு இருந்தது.

அந்த நாலு பக்கத்தைப் படிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. பதில் எழுத ஐந்து வாரம். நடுவில் மூன்று தடவை போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று தடவையும் உன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி ஒரு காவியம் பாடிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் சிரித்தாய். சிரிக்கிறவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதம் சிரிக்காது பார், அதனால்தான் இது.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அந்தப் புது ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பதினொரு படிகம் இழுத்து வளர்த்துவிட்டாய். பதினொன்றிலும் பச்சை வரவில்லை. வருகிற மாதம் பதினெட்டாம் தேதி ஐந்து பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு உட்காருகிறது. இங்கே நீ கண்டுபிடித்த பச்சையை அங்கே எரிய வைத்துக் காட்டினால் ஒப்பந்தம் நீளும். காட்டாவிட்டால் பெட்டி கட்ட முப்பது நாள். உன் குழுத் தலைவி உன் தோளில் கை வைத்து, சிலர் கைக்குப் படிகம் வளையாது, அது யார் குற்றமும் இல்லை என்றாராம். அன்றிலிருந்து பேருந்தில் உன் கைகளையே பார்த்துக்கொண்டு போகிறாயாம். கடைசி வரியில், "மாமா, உங்க கையால ஒண்ணு இழுத்து அனுப்புங்க. அதை வச்சு என் தப்பு எங்கேன்னு பாத்துக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாய்.

நீ கேட்ட படிகம்தான் இப்போது என் எதிரே வளர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் காற்று மாறும், காற்று மாறினால் சூடு மாறும், சூடு மாறினால் படிகம் கோபித்துக்கொண்டு விரிசல் விடும். ஆகவே கதவும் கிடையாது என்றே வைத்துக்கொள். மூன்று கால் ஸ்டூல் ஒன்று, நாலாவது கால் நான். உலையின் வயிற்றில் கருங்கண்ணாடி போட்ட துவாரம், சட்டைப் பொத்தான் அகலம். அதில் கண்ணை வைத்தால் கிண்ணத்தில் வெள்ளையாகக் கொதிக்கும் குழம்பு, அதன் முகத்தைத் தொட்டபடி சுழலும் விதைப் படிகம். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. நத்தைகள் இதைப் பார்த்தால் தங்களுக்குப் பதக்கம் கேட்டு ஊர்வலம் போகும். குளிர்நீர் பம்பு தொண்ணூறு விநாடி நின்றால் உலை, நான், மேல் மாடியிலிருக்கும் கணிதத் துறை எல்லாரும் ஒரே குழம்பு. ஆகையால் மாற்று ஆள் வரும்வரை, காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, அடியேன் சிறைவாசி. சிறுநீர் கழிக்கக்கூடப் படிகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன்.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. உன் படம் போட்ட செய்தித்தாள் துண்டை உன் அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனால் நீ சிரிக்கிறாய். பால் எடுக்கப் போனால் நீ சிரிக்கிறாய். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், கொசுவலை அளக்க வந்தவர், விலாசம் தப்பி வந்தவர் எல்லாரும் தரிசனம் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். போன வாரம்தான் முதல் தடவையாகக் கேட்டாள்: "எல்லார்கிட்டயும் சொல்றேன், எனக்கே தெரியல. அவ என்னதான்டா கண்டுபிடிச்சா?"

கற்கண்டு மாதிரி ஒரு படிகம் என்றேன். அதில் இட்டெர்பியம் என்ற அருமண் ஒரு சிட்டிகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதற்குள் விட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒளியைத்தான் அது திருப்பித் தர வேண்டும். சுண்டெலியின் படிகம் பச்சையாக எரிந்தது, துணைக்கு வேறு எதுவும் இல்லாமல் இட்டெர்பியம் மட்டுமே இப்படிப் பச்சை காட்டி உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்றேன். உன் அம்மா யோசித்துவிட்டு, "சரி, அதுல பல்பு போட முடியுமா?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடியவில்லை. மீதியைப் பிறகு எழுதுகிறேன், பம்பின் சத்தம் மாறுகிற மாதிரி இருக்கிறது.

புதன், மதியம் இரண்டு மணி. படிகம் முப்பத்தொரு மில்லிமீட்டர்.

பம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று அதன் மேல் பழி போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

சுண்டெலி, ஒரு மூச்சில் எழுதிவிடுகிறேன். நீயும் ஒரு மூச்சில் படித்துவிடு.

நீ ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருபத்து மூன்று நாள் பாக்கி இருந்த சமயம். கடைசிப் படிகம் இழுத்தாக வேண்டும். இட்டெர்பியத்துக்கென்று வைத்திருந்த இரிடியம் கிண்ணம் அடி பிதுங்கி, தட்டிச் சரிசெய்ய வெளியே போயிருந்தது. திரும்பி வர ஆறு வாரம் என்றார்கள். நீ அப்போது மூக்கு ஒழுக, தலை வாராமல், பிஸ்கட் தின்று உயிர் வாழ்ந்துகொண்டிருந்தாய். கிண்ணம் இல்லை என்று உன்னிடம் சொன்னால் அங்கேயே ஆவியாகிவிடுவாய் போலிருந்தது. மாமா இருக்க பயமேன் என்றேன். இந்த வாய் இருக்கிறதே, இதைத்தான் முதலில் உலையில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு அருமண்ணான எர்பியத்தின் கிண்ணம் அலமாரியில் சும்மா இருந்தது. நம் இடத்துச் சட்டம் உனக்குத் தெரியும், ஒரு கிண்ணம் ஒரு தனிமம். ஆபத்துக்கு வேறு கிண்ணத்தை எடுத்தால் முதலில் அதைக் கொதிக்கும் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். அப்புறம் எந்த அருமண்ணும் சேராத வெறும் கலவையை அதில் ஒருமுறை உருக்கி, உறையவைத்து, பெயர்த்து எறிய வேண்டும். வாய் கொப்பளிக்க வைப்பது என்று சொல்வோமே, அது. அதற்கு ஐந்து நாள் பிடிக்கும்.

அமிலத்தில் போட்டேன். வாய் கொப்பளிக்க வைக்கவில்லை.

எர்பியம் இளஞ்சிவப்பு. கிண்ணத்தை விளக்கடியில் பிடித்து அடி, ஓரம், விளிம்பு எல்லாம் பார்த்தேன். சிவப்பு என்று ஒரு புள்ளி இல்லை. என் கண்ணுக்குத் தப்பும் எர்பியம் இந்த அண்டசராசரத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் எழுதி, நானே முத்திரை குத்திக்கொண்டேன். பதிவேட்டில் "சுத்தமான கிண்ணம்" என்று போட்டேன். எந்தக் கிண்ணம் என்று போடவில்லை. நீ அதைப் படித்துவிட்டுக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். என்னைப் போய் ஏன் கேட்கப் போகிறாய்.

லட்சத்துக்கு ஐந்தோ பத்தோ எர்பியம் அந்தக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளே போன அகச்சிவப்பை இட்டெர்பியம் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, எர்பியம் இரண்டை ஒன்றாக்கிப் பச்சையாக வீசியிருக்கிறது. பாடப்புத்தகத்திலேயே இருக்கிற வித்தை. எர்பியத்தின் ஒளி சீப்புப் பல் மாதிரி தனித்தனிக் கோடுகளாக விழும். நம்மிடம் இருந்த பழைய நிறமாலைக் கருவி சீப்பைக் காட்டினால் மலை வரைகிற கருவி. பற்கள் தெரிந்திருந்தால் அன்றே எர்பியத்தின் முகம் உனக்குத் தெரிந்திருக்கும். மலையைப் பார்த்தோம், புதிய கண்டம் என்று கொடி நட்டோம்.

உன் கடிதம் வந்த பிறகுதான் என் சட்டைப்பை டைரியைத் தேடி எடுத்தேன். "எர். கிண்ணம் எடுத்தேன், திருப்பி வைத்தேன்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்போதும் நம்பவில்லை. உலையைச் சோதிக்கிறேன் என்று பொய் சொல்லி, தட்டிச் சரிசெய்து வந்த கிண்ணத்தில் சின்னதாக ஒன்று இழுத்தேன். லேசரைப் பாய்ச்சினேன். ஒன்றுமில்லை. அமாவாசை. உன் பதினொன்றும் எப்படியோ, இதுவும் அப்படியே.

நீ பேருந்தில் பார்த்துக்கொண்டு போகிற அந்தக் கைகளில் ஒரு குற்றமும் இல்லையம்மா. பதினொரு தடவை அப்பழுக்கில்லாமல் இழுத்திருக்கிறாய். அதனால்தான் பச்சை வரவில்லை.

மாற்று ஆள் இன்றைக்குச் சீக்கிரம் வருவதாகச் சொன்னார். நான் இதோடு நிறுத்துகிறேன்.

வியாழன், காலை ஒன்பதரை. படிகம் ஐம்பது மில்லிமீட்டர்.

அப்படியானால் இப்போது உலையில் இருப்பது என்ன என்று நீ கேட்பாய்.

டைரியை எடுத்துக்கொண்டு நம் துறைத்தலைவர் முகவுரையாரிடம் போனேன். இப்போதும் அப்படியேதான் இருக்கிறார். தும்முவதற்கு முன்புகூட இரண்டு பத்தி முகவுரை. அறிவியல் என்பது, மனிதகுலம் என்பது, ஒரு நிறுவனம் என்பது என்று மூன்று "என்பது"களைத் தாண்டி விஷயத்துக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் மேஜைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் உன் படிகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து கிளம்பும்போது ஒரு துண்டு கேட்டாயே, நிறுவனச் சொத்து என்று தர மறுத்தாரே, அதேதான். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் லேசர் அடித்துக் காட்டுகிறார்.

பிறகு டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். "உலை உங்க பொறுப்பு. வெளிச்சம் எங்க பொறுப்பு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்தப் பழைய கிண்ணத்திலேயே, அதே மாதிரி, வாய் கொப்பளிக்க வைக்காமல் இன்னொன்று இழுக்கச் சொன்னார். அதைத் தூய இட்டெர்பியம் என்று பெயர்ச்சீட்டு ஒட்டி உனக்கு அனுப்பினால் பதினெட்டாம் தேதி பச்சை எரியும், நீயும் பிழைத்துக்கொள்வாய், நாமும் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்றார். நான் கதவருகே போனதும், என் பணி நீட்டிப்புக் கோப்பு தன் மேஜையில்தான் இருப்பதாகவும், இந்த வாரமே பார்த்துவிடுவதாகவும் அன்போடு சொன்னார்.

அதைத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டாய் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, நீ கேட்டதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை.

இன்று காலை வந்ததும் சூடு ஏற்றும் குமிழில் கை வைத்தேன். கொஞ்சம் திருகினால் போதும், ஐம்பது மில்லிமீட்டரும் கரைந்து குழம்பில் விழும். உலை கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். துவாரத்தில் கண்ணை வைத்தேன். சுண்டெலி, என் வாழ்நாளில் இப்படி ஒரு படிகம் இழுத்ததில்லை. குமிழி இல்லை, கோடு இல்லை, தோள் இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி இறங்குகிறது. கேடு கெட்டவனுக்கு வந்த கைராசியைப் பார். குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன். குமிழைத் திருகவும் முடியவில்லை, ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. படிகத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட எர்பியத்தை இனி எந்த அமிலத்தாலும் எடுக்க முடியாது. அதற்காவது பச்சையாக எரியத் தெரியும்.

செவ்வாயன்று உன் அம்மா பல்பைப் பற்றிக் கேட்டதோடு நிறுத்தினேன் அல்லவா? பல்பு போட முடியாது அக்கா, அந்தப் பச்சையே உன் மகளுடையது இல்லை, என் கிண்ணத்து அழுக்கு என்று அப்போதே சொல்லிவிட்டேன். கரண்டியைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். உட்கார்ந்தாள். "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "அவ அங்க தனியா நின்னுட்டு தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா. நீ இங்க சாப்பிட்டுட்டு இருக்கியா?" என்றாள்.

ஃபிரிட்ஜில் ஒட்டியதை அவள் எடுக்கவில்லை. அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று கூரியர்காரர் வந்தபோது அவரை உள்ளே கூப்பிடவில்லை.

அடுத்த செவ்வாய், மாலை நாலு மணி. மெருகு அறை.

படிகம் எழுபத்திரண்டு மில்லிமீட்டரில் முடிந்தது. இரண்டு நாள் ஆறவிட்டோம். மெருகுக்காரர் அறுத்து, தேய்த்து, கண்ணாடி போலக் கொடுத்திருக்கிறார். ஐந்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். அவரிடமிருந்து இது பத்மாசனம் போட்டுப் பத்து வருடம் தவமிருந்தாலும் கிடைக்காத வரம். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

லேசர் அடித்தோம். பச்சை. பக்கத்தில் நின்ற மெருகுக்காரரின் முகமெல்லாம் பச்சை.

மேல் பாதியை முகவுரையார் எடுத்துக்கொண்டார். தூய இட்டெர்பியம் என்று தங்க எழுத்தில் அச்சடித்த சீட்டு, வெல்வெட் பெட்டி, நிறுவன முத்திரை எல்லாவற்றோடும் அது நேற்றே உனக்குக் கிளம்பிவிட்டது. பதினெட்டாம் தேதிக்கு முன்பே வந்துவிடும். அதைக் குழுவின் முன் வைத்தால் பச்சை எரியும், ஐந்து பேரும் எழுந்து நிற்பார்கள். உன் தலைவி தோளில் வைத்த கையை எடுத்து உன் கையைக் குலுக்குவார். மறுநாளோ மறு மாதமோ அங்கே இருக்கிற நல்ல கருவியில் யாராவது ஒருவர் அந்த மலையைச் சீப்பாகப் பார்ப்பார். அன்றைக்கு உன் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். தெரிந்தே செய்தாள் என்பார்கள். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அது உண்மையாகவும் இருக்கும். உன்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவனும் நான்தான். தெரியாமலே இருந்திருந்தால் பதினெட்டாம் தேதி நிம்மதியாகப் பச்சை காட்டியிருப்பாய். மன்னிப்புக் கேட்க நான் மூன்று தடவை போன் செய்திருக்கிறேன், முழங்கால் வலியோடு முடித்திருக்கிறேன். இதிலும் அந்த வார்த்தையை எழுதி எழுதி அடித்திருக்கிறேன், தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

இந்தப் பொட்டலத்தில் மூன்று சாமான் வைத்திருக்கிறேன். முதல் துண்டு, சரிசெய்த கிண்ணத்தில் இழுத்தது, இருட்டு. இரண்டாவது துண்டு, எர்பியக் கிண்ணத்தில் இழுத்தது, முகவுரையார் எடுத்துக்கொண்டதன் கீழ்ப் பாதி. அதற்கு என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "இட்டெர்பியம். எர்பியம் கலந்தது. கலந்தவன் உலைக்காரன்." மூன்றாவது, டைரியின் அந்தப் பக்கம். கிழித்தே வைத்திருக்கிறேன். பதிவேட்டிலும் இன்று காலை பேனாவால் திருத்தி, தேதி போட்டு, எந்தக் கிண்ணம் என்று எழுதிவிட்டேன். முதல் தேதி முகவுரையார் பதிவேட்டைப் பார்ப்பார். அதற்கப்புறம் நாலாவது காலுக்கு வேறு ஆள் தேடிக்கொள்வார்கள். அதைப் பற்றி நீ ஒரு நிமிடம்கூட யோசிக்காதே. எனக்கும் பகல் வெளிச்சம் எந்த நிறத்தில் இருக்கும் என்று பார்க்க ஆசை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். பதினெட்டாம் தேதிவரை காத்திருக்காதே. கிடைத்த அன்றே உன் தலைவி முன் இரண்டு துண்டையும் வை. உன் பதினொன்றையும் வரிசையாக வை. கிண்ணத்தின் கதையைச் சொல், மாமாவின் கதையையும் சொல். முட்டாள் என்று சொல்லிக்கொள், அனுமதி தருகிறேன். இவ்வளவு சுத்தமாகப் பதினொரு தடவை இழுத்த ஒருத்தியை அவர்கள் அனுப்பிவிடவும் கூடும், வைத்துக்கொள்ளவும் கூடும். எனக்குத் தெரியாது. வைத்துக்கொள்வார்கள் என்று வழக்கம்போல ஒரு பெரிய வாக்குறுதி கொடுக்கப் பேனா துடிக்கிறது, அதைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அனுப்பிவிட்டால் வா. உன் அம்மா மாடி அறையைப் பெருக்கிவிட்டாள். ஏன் பெருக்குகிறாய் என்று கேட்டேன், தூசியாக இருந்தது என்றாள்.

உன் கைகள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவை தொட்டது துலங்கட்டும், துலங்காதபோதும் உண்மையாக இருக்கட்டும். பதில் எழுது. திட்டி எழுதுவதாக இருந்தால் தாளின் இரண்டு பக்கமும் எழுது, ஓரத்தையும் வீணாக்காதே, தேவைப்பட்டால் கூடுதல் தாளை நானே அனுப்பி வைக்கிறேன். மேலே மட்டும் மாமா என்று போட்டுத் தொடங்கு. மீதியை எப்படி வேண்டுமானாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி